மூன்றாவது போனுக்கு வந்த அழைப்பு

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. அன்று காரில் என்னோடு இருந்த டிரைவர் அசோகனைக் கேளுங்கள். அவரும் இதையேதான் சொல்வார்.

என் வேலை சிக்னல் சோதனை. நான்கு போன்களைக் காரில் பொருத்திக்கொண்டு பெங்களூரைச் சுற்ற வேண்டும். 5G குறைந்தால் போன் தானாக 4G-க்கு இறங்கும். அதுவும் இல்லையென்றால் பழைய 2G-க்கு. சிக்னல் திரும்பியதும் தானாக மேலே ஏறும். இந்த ஏற்ற இறக்கம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.

பிரேசர் டவுனில் ஒரு தெருவிலிருந்து புகார். சாயங்காலமானால் எல்லோருடைய போனும் 2G-க்கு இறங்கிவிடுகிறதாம். மழையோடு போனோம். எதிரே நான்கு மாடிக் கட்டடம். மொட்டை மாடியில் எங்கள் கம்பெனி பராமரிக்கும் டவர்.

"டவர் கண்ணு முன்னாடியே இருக்கு. சிக்னல் ஃபுல்லா இருக்கணுமே மேடம்" என்றார் அசோகன்.

மணி 5:52. முதல் போன் 2G-க்கு இறங்கியது. பிறகு இரண்டாவது. நான்காவது.

மூன்றாவதை 5G-யை விட்டு இறங்கவே முடியாதபடி நான்தான் பூட்டி வைத்திருந்தேன்.

அதுவும் இறங்கியது.

உடனே மணி அடித்தது. சோதனைப் போனுக்கு யாரும் அழைப்பதில்லை. அதன் நம்பர் எனக்கே தெரியாது. எடுத்தேன்.

"சார்… இருக்கீங்களா? பெல்ட்டுல தொங்கிட்டிருக்கேன் சார். கால் மரத்துப்போச்சு. யாரையாச்சும் அனுப்புங்க…"

"எங்க இருக்கீங்க?"

"உங்க டவர்லதான் சார்."

என் குரல் பெண் குரல். அவர் 'சார்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. காரை விட்டு இறங்கி ஓடினேன். அசோகன் பின்னாலேயே வந்தார். கட்டடத்து வாட்ச்மேன் ஆம்ப்ரோஸ் சாவியோடு எங்களுக்கு முன்னால் படியேறினார். எதற்கு என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாடிக் கதவில் துருப்பிடித்த பூட்டு. மேலே யாரும் இல்லை. மழை. டவர் கம்பம்.

போன் இன்னும் என் காதில்.

"யாரோ வர்ற சத்தம் கேக்குது… சார், இந்தப் பக்கம்… பின்பக்கம்…"

கைப்பிடிச் சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்தேன்.

நனைந்த சுவர். அவ்வளவுதான்.

ஆனால் மூச்சு வாங்கும் சத்தம்…

போனில் இல்லை.

சுவருக்குக் கீழே. ஒரு கை தூரத்தில்.

அசோகன் என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "போதும் மேடம்… வாங்க."

அவருக்கும் கேட்டிருக்கிறது.

லைன் கட் ஆனது. திரையில் மறுபடி 5G.

கீழே வந்தபிறகுதான் ஆம்ப்ரோஸ் வாய் திறந்தார்.

"போன வருஷம் இங்கேர்ந்து 2G ஆன்டெனாவ இறக்கினாங்கம்மா. ரெண்டு பேர் ஏறணும். ஒருத்தரத்தான் அனுப்பினாங்க. பரத்னு பேரு, அத்திபெலே ஆளு. வழுக்கி மாடிச் சுவருக்கு வெளிய விழுந்துட்டாரு. பெல்ட் பிடிச்சிக்கிச்சு. மழை சத்தத்துல கத்தினது ஒருத்தருக்கும் கேக்கல. விடிஞ்சுதான் பாத்தோம்."

"போன் இல்லையா அவர்கிட்ட?"

"கையிலயே இருந்துச்சு. பட்டன் போன்."

பட்டன் போனுக்கு 2G மட்டும்தான். அந்தப் பகுதியில் எங்கள் நெட்வொர்க்கில் மிச்சமிருந்த கடைசி 2G-யைப் பரத் அப்போதுதான் தன் கையாலேயே கழற்றியிருந்தார். தெருவில் போனவர்கள் எல்லோருடைய போனும் வேலை செய்தது. அவருடையதைத் தவிர.

மறுநாள் அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதினேன். மேலதிகாரி படித்துவிட்டு, 'கைபேசிக் கோளாறு' என்று புகாரை முடித்துவைத்தார். பரத்தைப் பற்றிக் கேட்டேன். காண்ட்ராக்ட் ஆள், நம் ஆள் இல்லை என்றார்.

மூன்றாவது போனைத் திருப்பிக் கொடுக்க ஸ்டோருக்குப் போனேன். அங்கே போன்களைக் கொடுத்து வாங்கும் பவுலின் இருந்தார். இதில் யாருடைய சிம் என்று கேட்டேன்.

அவர் போனைக் கையில் வாங்காமல் மேசையிலேயே வைக்கச் சொன்னார்.

"டவர் ஏறுறவங்க ஆபத்துன்னா கூப்பிடுற நம்பர். அதுக்குன்னு ஒரு மொபைல் ஆப் வந்ததும் இந்த நம்பர மூடிட்டாங்க. அந்த பட்டன் போன்காரருக்கு யாரும் சொல்லல போல."

"அப்புறம் ஏன் இதை எங்கிட்ட குடுத்தீங்க?"

"இந்த சிம் டிராயர்ல ஒரு பழைய போன்ல கெடந்துச்சு. பேட்டரிய கழட்டி வச்சோம். அப்பவும் சாயங்காலமானா அடிச்சுது மேடம். யாருக்கும் எடுக்க தைரியமில்ல. அதான்… வெளிய போற செட்டுல போட்டுடுங்கன்னு மேலேர்ந்து சொன்னாங்க."