ஆழிவரத்தின் பதினோரு விமானிகள்

அந்த நோட்டை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். தை மாதத்து நண்பகல். வாசலில் போலீஸ் வேன் நின்றது. கான்ஸ்டபிள்கள் அண்ணனின் தகரப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தபோது, பரணிலிருந்த சிவப்பு அட்டை நோட்டை நானே இறக்கி இன்ஸ்பெக்டர் கையில் வைத்தேன். "எங்கண்ணன் ப்ளேன் படம் வரையறவர் சார். அவருக்கு வேற ஒண்ணும் தெரியாது" என்றேன். எனக்கு அப்போது பதினாறு வயது. ஒருவர் அப்பாவி என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இருக்க முடியாது என்று நம்பினேன்.

அண்ணனுக்கு விமானப்படையில் சேர வேண்டும் என்று ஆசை. மதராஸ் வரை போய்க் கண் பரிசோதனையில் தோற்றுத் திரும்பினார். பிறகு தாலுகா அலுவலகத்தில் நில அளவை வேலை கிடைத்தது. பகலெல்லாம் குத்தாலத்துக்குக் கிழக்கே வயல்களைச் சங்கிலி போட்டு அளப்பார். மாலையில் வந்து, எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு நாட்டுக்கு விமானம் வரைவார். அந்த நாட்டுக்கு ஆழிவரம் என்று பெயர் வைத்திருந்தார். வெள்ளைக்காரன் விட்டுப்போன துணி இறக்கை விமானங்களோடு சுதந்திரம் பெற்ற தீவு அது. பத்து ஆண்டுகளில் சொந்தமாக 'உள்ளான்' என்ற பயிற்சி விமானம் கட்டியது. அதன் பிறகு சரக்கேற்ற 'நாரை', கடலோரம் காவல் பார்க்க 'மீன்கொத்தி', கடைசியாகக் குண்டு வீசும் ஜெட் விமானமான 'வல்லூறு'. எது எத்தனை காலம் பறந்தது, எதன் இன்ஜினில் என்ன கோளாறு, எந்தப் புயலில் எது விழுந்தது என்று எல்லாவற்றையும் அலுவலகக் கையெழுத்தில் எழுதுவார். அதை விளையாட்டு என்று நாங்கள் யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடும்.

விமானிகளுக்குப் பெயர் வேண்டியிருந்தது. தெற்குத் தெருவிலிருந்து ஒருவர் அண்ணனுடன் தினமும் வருவார்; அளவைச் சங்கிலியின் மறுமுனையைப் பிடிப்பது அவர் வேலை. நாங்கள் அவரைச் சங்கிலிக்காரர் என்றே சொல்வோம். ஒருநாள் தலைக்கு மேல் ஒரு விமானம் நாகப்பட்டினத்துப் பக்கமாகப் போனது. அவர் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்து, "மேலேர்ந்து பாத்தா எது யாரு வயலுன்னு தெரியுமா சின்னய்யா?" என்று கேட்டாராம். "தெரியாது. பச்சை மட்டும்தான் தெரியும்" என்று அண்ணன் சொன்னதும், வரப்பில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாராம். அன்று மாலையே அவர் பெயர் நோட்டில் ஏறியது. அடுத்த சில மாதங்களில் அவருடைய தெருவிலிருந்து மேலும் பத்துப் பெயர்கள் ஏறின. அத்தனை பேருக்கும் பெரிய பதவிகள். அவர்கள் யாருக்கும் அது தெரியாது.

ஆட்சி மாறியிருந்தது. அலுவலகச் சுவரில் படங்கள் மாறின. உழுகிறவன் பெயரைப் பதிய வேண்டும் என்று உத்தரவுகள் வந்தன. அண்ணன் உண்மையில் உழுகிறவன் பெயரையே எழுதினார். "உங்க பையனைக் கொஞ்சம் பாத்து நடக்கச் சொல்லுங்க" என்று பெரிய பண்ணையிலிருந்து அப்பாவிடம் ஆள் வந்து சொன்னார். அந்த அறுவடைக்குத் தெற்குத் தெரு கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டது. பண்ணை மறுத்து, வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கியது. கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்தது. அறுக்க வந்தவர்களும் அறுக்கவிடாதவர்களும் வாய்க்காலின் இரண்டு கரையிலும் நின்றார்கள். கடைத்தெருவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது நின்றுபோனது. பொங்கலுக்கு முன்பு சங்கிலிக்காரர் கொல்லைப்புறமாக வந்து, "நாளையிலேர்ந்து நீங்க அந்தப் பக்கம் அளக்க வராதீங்க சின்னய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் பண்ணையின் வைக்கோல் போர்கள் எரிந்தன. கொளுத்தியது யார் என்று எனக்கு இன்றும் தெரியாது. தெற்குத் தெருவோடு பழகியவர் என்று போலீஸ் அண்ணனைத் தேடி எங்கள் வீட்டுக்கு வந்தது.

இன்ஸ்பெக்டர் நோட்டை முதலில் சிரித்துக்கொண்டேதான் புரட்டினார். நடுவில் ஒரு பக்கத்தில் கை நின்றது. "குண்டுவீச்சுப் பிரிவு, முதல் அணி" என்று வாய்விட்டுப் படித்தார். கீழே இருந்த பெயர்களை ஏட்டையாவிடம் காட்டினார். "பதினோரு பேரும் தெற்குத் தெரு ஆளுங்கதான்யா" என்றார் ஏட்டையா. கடைசிப் பக்கத்தில் ஆழிவரத்தின் வரைபடம். அதன் ஆறுகள் எங்கள் ஊர் வாய்க்கால்களைப் போலவே பிரிந்து ஓடின.

"கற்பனை சார்" என்றார் அண்ணன்.

"பேரும் கற்பனையா?"

அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அண்ணனை வேனில் ஏற்றினார்கள். அப்பா பண்ணை வீட்டுக்கு ஓடினார். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அண்ணன் பண்ணையின் காரிலேயே வந்து இறங்கினார். "நம்ம பையன். படிச்ச கிறுக்கு, அவ்வளவுதான்" என்று பண்ணையார் ஒரு வார்த்தை சொன்னது போதுமானதாக இருந்தது. நோட்டில் பெயர் இருந்த பதினோரு பேரையும் களத்துமேட்டிலிருந்து கொண்டுபோயிருந்தார்கள். அவர்களுக்காக அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல யாரும் இல்லை. சொல்லக்கூடிய ஒருவர் எங்கள் வீட்டில் இருந்தார். "கோர்ட்டுல வாயைத் திறந்தா நீயும் உள்ள போவே" என்று அப்பா சொன்னார். அண்ணன் போகவில்லை.

கோர்ட்டில் வழக்கு நிலைக்கவில்லை. மாதங்கள் கழித்து ஒவ்வொருவராகத் திரும்பினார்கள், ஒருவரைத் தவிர. அவர் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இறந்ததாகச் சொன்னார்கள். சங்கிலிக்காரரின் வலது கை விரல்கள் அதன் பிறகு மடங்கவில்லை. அண்ணன் மாற்றல் வாங்கிக்கொண்டு பட்டுக்கோட்டைப் பக்கம் போய்விட்டார். அந்த நோட்டு திரும்பி வரவேயில்லை. அவர் வேறொன்று தொடங்கினார். ஆழிவரத்துக்கு ராடார் வந்தது, ஏவுகணை வந்தது, ஒலியை முந்தும் விமானங்கள் வந்தன. விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் திறந்து பார்ப்பேன். விமானி என்ற கட்டம் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் காலியாகவே இருக்கும்.

அண்ணன் ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பிய பிறகு, ஒரு காலையில் சங்கிலிக்காரர் பேத்தியின் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். முன்வாசல் வழியாக வந்து கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணன் முதல்முறையாக அவரை "வாங்க" என்றார். நான் காபி கொண்டுவந்து வைத்தேன்.

"தம்பி, எனக்கு என்ன ப்ளேன் குடுத்திருந்தீங்க?" என்று கேட்டார். "ஸ்டேஷன்ல அதைத்தான் கேட்டுக் கேட்டு அடிச்சானுவ. எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு."

அண்ணன், "வல்லூறு" என்றார். "ரெண்டு பேர் உக்கார்றது."

"கூட யாரு?"

"நான்தான். என் பேரை மட்டும் எழுதல."

சங்கிலிக்காரர் தலையாட்டினார். கேலியோ கோபமோ இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போல, "அப்ப நான் மட்டும் ஏன் போனேன்?" என்று கேட்டார்.

காபி ஆறும்வரை காத்திருந்தார். அவர் விரல் மடங்காத கையால் பத்திரிகையை மேசைமேல் நகர்த்தி வைத்துவிட்டு, "குடும்பத்தோட வந்துடுங்க" என்று எழுந்தார்.

அண்ணன் கல்யாணத்துக்குப் போனார். தெற்குத் தெருவில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். நான் போகவில்லை.