பெரிய வெள்ளியில் அடித்த மணி

சகோதரங்களே, என் கணவரை இழந்துவிட்டேன் என்றே நான் நினைத்த ஒரு பிற்பகலைப் பற்றிச் சொல்லப்போகிறேன். 2006, பெரிய வெள்ளி. ஜெர்மனியில் பீலெஃபெல்ட்டுக்குப் பக்கத்தில், கன்னியாஸ்திரிகள் கட்டி வளர்த்த ஒரு மருத்துவமனை. அதை ஒரு கம்பனி வாங்கியிருந்தது. வயதான சிஸ்டர்மார் ஒவ்வொருவராக மடத்துக்குத் திரும்பிவிட்டார்கள். சிற்றாலயத்தையும் ஈஸ்டருக்குப் பிறகு மூடுவதாகச் சொன்னார்கள்.

என் கணவரை நெஞ்சில் சளி கட்டி அங்கே சேர்த்திருந்தோம். சர்க்கரை வியாதி வேறு, இன்சுலின் ஊசி. நான் போனபோது கட்டில் வெறுமையாக இருந்தது. மேசை லாச்சியை இழுத்தேன். காலைப் பாணும் மத்தியானச் சாப்பாடும் கடதாசியில் சுற்றியபடி கிடந்தன. மனுசன் பெரிய வெள்ளிக்கு ஒன்றும் சாப்பிடாமல் ஒருசந்தி பிடித்திருக்கிறார்! ஊசியையும் போட்டுக்கொண்டு, சாப்பிட்டேன் என்று தாதியிடம் பொய்யும் சொல்லிவிட்டு! வெறும் வயிற்றில் அந்த ஊசி சர்க்கரையை இறக்கி ஆளையே சாய்த்துவிடும்.

தாதிமார் கழிப்பறை, முற்றம் எல்லாம் தேடினார்கள். காணவில்லை. அப்படியே நின்று கெஞ்சினேன்.

"மாதாவே, இந்த விசர் மனுசனை எனக்குத் திருப்பித் தாங்கோ. எனக்கு வேறை ஆர் இருக்கினம்?"

அப்போதுதான் சிற்றாலய மணி கேட்டது.

பெரிய வெள்ளியில் எங்கள் கோயில்களில் மணி அடிப்பதில்லை. வியாழன் இரவு ஓய்ந்தால் உயிர்ப்புத் திருப்பலியில்தான் மறுபடி ஒலிக்கும். தாதிமார் அதைக் கவனிக்கவே இல்லை. யாரோ உதவிக்குக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. "கப்பெல்லெ! கப்பெல்லெ!" என்று, சிற்றாலயத்துக்கான ஜெர்மன் சொல்லைக் கத்திக்கொண்டு ஓடினேன். அவர்களும் பின்னால் ஓடிவந்தார்கள்.

இவர் சிற்றாலயத்தில் உட்காரும் வாங்குகளுக்கு இடையில் வியர்த்துக் கொட்டி, நினைவில்லாமல் கிடந்தார். மணிக்கயிற்றைப் பிடித்தபடி நின்றார், மடத்துக்குத் திரும்பிய வயதான சிஸ்டர்மாரில் ஒருவரான சிஸ்டர் கெர்ட்ரூட். கடைசி முறையாகச் சிலுவைப்பாதை செய்ய வந்தவர். முழங்கால் தேய்ந்தவர், ஓட முடியாது. அங்கிருந்த தொலைபேசியையும் கழற்றிவிட்டிருந்தார்கள். அதனால்தான் மணியை அடித்திருக்கிறார்.

நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் இவர் கண் திறந்தார்.

"பெரிய வெள்ளியிலை சாப்பிடுறதோ?" என்றார்.

"வாயைப் பொத்துங்கோ!" என்று ஏசிவிட்டு, கட்டிப்பிடித்து அழுதேன்.

சிஸ்டரும் அழுதார். வாழ்நாளில் திருச்சபை முறையை மீறியதில்லையாம். ஆண்டவர் மன்னிப்பாரா என்று என்னிடம் கேட்டார்! நான் அவர் கைகளை முத்தமிட்டேன்.

அங்கே இப்போது ஒரு சிஸ்டரும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் இருவரும் போகிறோம். பார்க்க ஆளில்லாத நோயாளிகளின் பக்கத்தில் இருக்கிறோம்.

நம்பிக்கை அற்றுப்போய் இருக்கிறீர்களா? வாய்விட்டுக் கூப்பிடுங்கள். என் கணவரைத் திருப்பித் தந்த ஆண்டவர் உங்களையும் கைவிட மாட்டார்.