மையத்துக்கு வந்த அம்மன்

1. ஆள் ஏறாத படகு

புயல் எச்சரிக்கை வந்ததும் இரண்டு மோட்டார் படகுகளோடு பழவேற்காடு ஏரியைத் தாண்டி, முகத்துவாரத்தை ஒட்டிய மணல்திட்டுக் குப்பத்துக்குப் போனேன். சாமான்களை மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். ஆனால் ஒருவரும் படகில் ஏறவில்லை.

எங்கள் கத்தோலிக்க மறைமாவட்டச் சமூகசேவைச் சங்கத்தில் நான் பேரிடர் ஒருங்கிணைப்பாளர். பழவேற்காட்டில் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் சங்கம் ஒரு மாடிக் கட்டடம் கட்டியிருந்தது. புயல் மையம் என்று பேர். குப்பத்தில் ஒத்திகை நடத்துவதும், வார்னிங் வந்தால் ஜனங்களை அங்கே கொண்டுசேர்ப்பதும் என் வேலை.

நான் கன்னியாஸ்திரி இல்லை. ஆனாலும் குப்பத்தில் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். மதம் மாற்ற வந்தவளோ என்ற சந்தேகத்தில் வாசலோடு பேசி அனுப்பிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் மாதா கோயிலில் எங்கள் ஆட்கள் வேறு மாதிரிக் கேட்பார்கள்: "இவ்ளோ காலமா போய் வர்றியே, ஒருத்தராவது கோயிலுக்கு வந்தாங்களா?" நான் சிரித்துவிட்டு வாடகை அறைக்குப் போய்விடுவேன். அங்கே பேச ஆள் கிடையாது.

2. மாடி அறை

"ஏன் ஏறல?" என்று குப்பத்துத் தலைவரைக் கேட்டேன். அவர் கடற்கரையில் இருந்த அம்மன் கோயிலைக் காட்டினார். தகரக் கொட்டகைதான்.

"அலை ஏறுனா கொட்டாய் நிக்காது. ஆத்தாளைத் தண்ணியில வுட்டுட்டு நாங்க மட்டும் மாடியில குந்திக்கினு இருக்கணுமா?"

"ஆத்தாளையும் எடுத்துக்கினு வாங்க."

ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் அஞ்சலை கேட்டாள்: "இன்னா சிஸ்டர் சொல்ற? அங்க சிலுவை மாட்டிக்கீதே!"

"அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆத்தா ஒரு பக்கம் இருக்கட்டும்."

சங்கத்து இயக்குநர் ஃபாதருக்குப் போன் செய்து சொன்னேன்.

"ஜனங்களைக் கூட்டிட்டு வாங்கம்மா. சிலை வேணாம். கோயில் பங்கு மக்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"சிலை வரலேன்னா ஜனங்களும் வரமாட்டாங்க ஃபாதர்."

"அப்போ உங்க பொறுப்பு" என்று போனை வைத்துவிட்டார்.

பூசாரி அம்மனைப் புதுப் புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு முதல் ஆளாகப் படகில் ஏறினார். மற்றவர்கள் அவர் பின்னால் ஏறினார்கள்.

மையத்தின் மாடியில் கிழக்கு மூலையில் அம்மனை வைத்து விளக்கேற்றினார்கள். நான் கிட்டே போனபோது பூசாரி, "சிஸ்டர், நீ கொஞ்சம் தள்ளியே இரும்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எங்கள் கோயில் ஆட்கள் சிலர் படியேறி வந்து எட்டிப் பார்த்தார்கள். என்னிடம் பேசாமல் இறங்கிப் போனார்கள். நான் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். புயல் அடித்து ஓயும்வரை அங்கேயேதான் இருந்தேன்.

காற்று நின்றதும் குப்பத்துக்குப் போய்ப் பார்த்தோம். கொட்டகை இருந்த இடத்தில் வெறும் மணல். கரையோர வீடுகளில் சுவரே இல்லை. ஜனங்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

3. பொன்னேரி

சிலை விஷயத்துக்காகச் சங்கத்தில் யாரும் என்னைத் திட்டவில்லை. பொன்னேரி அலுவலகத்துக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான்.

அடுத்த மழைக்காலத்தில் மறுபடி புயல் எச்சரிக்கை. நாள் முழுக்கப் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். குப்பத்திலிருந்து யாராவது கூப்பிடுவார்கள், நான் சொன்னால்தான் கிளம்புவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. நான் போட்ட போனையும் எடுக்கவில்லை.

புயல் போன பிறகு பொன்னேரி மார்க்கெட்டில் அஞ்சலை நண்டு விற்றுக்கொண்டிருந்தாள்.

"மையத்துக்குப் போனீங்களா?"

"போவாம? மழை வலுக்குறதுக்கு முன்னாடியே ஆத்தாளைத் தூக்கிக்கினு போயிட்டோம். உங்க கோயில் ஆளுங்களே கஞ்சி காச்சி வச்சிருந்தாங்க."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்கு சிஸ்டர்? அதான் வழி தெரியுமே."

சந்தோஷமாகத்தான் இருந்தது. கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. அவள் பார்ப்பதற்குள் நகர்ந்துவிட்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாருங்கள். நம் வேலை சரியாக நடந்திருந்தால், ஆபத்து வரும்போது ஜனங்களுக்கு நம் ஞாபகமே வராது. அன்றைக்கு நாம் தனியாகத்தான் இருப்போம். அதைத் தாங்கிக்கொள்வதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான்.