மெழுகு பூசிய ஷூவும் அந்தோணியின் பயமும்

போன செவ்வாய் காலை, மந்தைவெளி சிக்னலில் மழையில் நின்றுகொண்டிருந்தேன். அந்தோணியின் மனைவி மேரி போன் செய்து, "அவரு போயிட்டாருண்ணா" என்றார். நான் முதலில் கேட்டது, "கால் புண்ணாலயா?" என்றுதான். "இல்லண்ணா, ஹார்ட்டு" என்றார். அந்த நேரத்தில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. இங்கே கூடியிருக்கும், அவனோடு பழகிய உங்களிடம் அதை மறைக்க முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

போக்குவரத்துக் காவலில் பத்தொன்பது வருடம் ஒன்றாக நின்றவர்கள் நாங்கள். இருவருக்கும் சர்க்கரை. பாதம் மரத்துப்போன பிறகு ஈர ஷூதான் எங்களுக்கு எமன்.

ஒரு ஐப்பசி மழையில் நனைந்த ஷூவை ஃபிரிட்ஜுக்குப் பின்னால் அனல் காற்றில் வைத்துக் காயவிட்டேன். பாலிஷ் போட்டதும் பளபளவென்றுதான் இருந்தது. மறுநாள் ராஜா அண்ணாமலைபுரத்தில் கணுக்கால் தண்ணீரில் நின்றுவிட்டு மேலே ஏறியதும் அந்தோணி என் ஷூவை உற்றுப் பார்த்து, "கயட்டு" என்றான். கழற்றிப் பார்த்தால், விறைத்த ஷூ தோல் மடிப்பில் வெடித்து, அதன் விளிம்பு சுண்டுவிரலை அறுத்திருந்தது. சாக்ஸ் முழுக்க ரத்தம். எனக்குத் தெரியவே இல்லை.

"வலிச்சா பரவால்ல நைனா. வலிக்கலன்னாதான் பயப்படணும்" என்றான். தன் ஷூவையும் கழற்றி என் முன்னால் காலை நீட்டினான்.

அடுத்த ஜோடியை என்னை நம்பி விடவில்லை. தேன்மெழுகையும் தேங்காய் எண்ணெயையும் சேர்த்து உருக்கி, தையல் விடாமல் விரலால் தேய்த்து, ஒரு நாள் ஊறவிட்டான். பாலிஷும் பிரஷ்ஷும் அதற்குப் பிறகுதான். நனைந்தால் உள்ளே பேப்பர் திணித்து ஃபேன் காற்றில் காயவைக்க வேண்டும். "பளபளப்பு இன்ஸ்பெக்டருக்கு, மெழுகு நமக்கு" என்பான்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. டியூட்டி முடிந்ததும் பூத்தில் உட்கார்ந்து, ஒருவர் பாதத்தை மற்றவர் டார்ச் அடித்துப் பார்ப்போம். எங்கள் தொப்பைக்கு அவரவர் பாதம் அவரவர் கண்ணுக்கு எட்டாது. வீட்டில் காட்டினால் பயந்துவிடுவார்கள் என்று இருவருமே காட்டியதில்லை.

அவன் கடைசி மூன்று வாரம் விடுப்பில் இருந்தான். அத்தனை நாளும் என் பாதத்தை யாரும் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்ததும் மேரி அவனுடைய மெழுகு டப்பாவை என்னிடம் கொடுத்தார். ஆனால் அவன் எனக்கு விட்டுப்போனது அந்தப் பயம்தான். அதை நான் விடப்போவதில்லை. இன்று காலை என் மனைவி முன்னால் காலை நீட்டவைத்ததும் அதுதான். குதிகாலைத் திருப்பிப் பார்த்தவள் அங்கிருந்த புண்ணுக்குக் கிட்டே குனிந்தாள்.

"இது எத்தினி நாளா கீது?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை.