மாதா சுரூபத்துக்குக் கீழே ஒரு ரேடியோ

சாந்தோமில் என் நண்பன் வீட்டுக் கூடத்தில் மாதா சிலை இருந்தது; சுரூபம் என்பார்கள். அதற்குக் கீழே சுவரில் ஒரு மாடம். நண்பனின் அக்கா அதைக் காட்டி, "தம்பி, ரேடியோ இதுக்குள்ள அடங்கணும். வெளிய துருத்திக்கிட்டு நின்னா மாதா முன்னாடி நல்லாவா இருக்கும்?" என்று கேட்டார்.

யுத்தம் முடிந்த புதிது. மயிலாப்பூரில் ஒரு கடையில் நான் ரேடியோ கட்டிக்கொண்டிருந்தேன். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. பெரிய சூரன் என்று நினைப்பு. அக்கா கணவரை இழந்து தம்பி வீட்டோடு வந்தவர். கோயிலுக்குப் பீடத்துணி தைத்துக் கொடுப்பார். தம்பி பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவன் கிளம்பிவிட்டால் பகல் முழுவதும் தனிமைதான். பாட்டென்றால் அவருக்கு உயிர்.

மாடத்துக்குள் அடங்க வேண்டுமானால் உள்ளே எல்லாவற்றையும் நெருக்க வேண்டும். வீட்டு மின்சாரம் வந்து சேரும் பித்தளை முனைக்கும் செட்டைத் தாங்கும் இரும்புத் தட்டின் திருகுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடம் விடுவது எங்கள் கடை வழக்கம். நான் ஒரு நெல் நுழையும் இடம்தான் விட்டேன். நடுவில் இருப்பது பேக்கலைட் பலகை, அதில் மின்சாரம் பாயாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடை மேஜையில் செட் கணீரென்று பாடியது. அக்கா வீட்டு ஜன்னலிலோ கடற்காற்றில் கம்பிகள் துருவேறி உதிர்ந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டேதான் செட்டை மாடத்தில் வைத்தேன்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான தபசு காலம் வந்தது. ஈஸ்டர் வரை அந்த வீட்டில் பாட்டு கிடையாது. சுரூபத்தை ஊதாத் துணியால் மூடியவர்கள் ரேடியோவையும் சேர்த்து மூடினார்கள். ஒரு மத்தியானம், தரையைக் கழுவிவிட்டு, யாரும் இல்லாத தைரியத்தில் அக்கா துணியை விலக்கி ரேடியோவைத் திருப்பியிருக்கிறார். இரும்புத் தட்டோடு சேர்ந்த குமிழின் திருகில் விரல் பட்டதும் மின்சாரம் தூக்கி எறிந்துவிட்டது.

நண்பன் ஆள் அனுப்பினான். செட்டைத் திறந்தேன். பித்தளை முனையிலிருந்து தட்டின் திருகு வரை பலகையில் கருகிய கோடு. மூடிக்கிடந்த நாட்களில் உப்பும் ஈரமும் படிந்து, மின்சாரம் பலகையின் மேலேயே ஊர்ந்திருக்கிறது.

அக்கா கையில் கட்டோடு படுத்திருந்தார். "தபசு நாள்ல பாட்டு கேட்டேன் தம்பி, அதுவும் மாதா காலடியில. ஆண்டவர் அடிச்சிட்டார்."

"இல்லக்கா, நான் பண்ணின தப்பு. இடம் விடாம கட்டிட்டேன்" என்று பலகையை நீட்டினேன்.

அவர் பலகையைப் பார்க்கவே இல்லை. "என் பாவத்த நீ எதுக்குச் சுமக்கிற?" என்றார். நண்பனும் என்னை வாசல் வரை கூட்டிவந்து, "அக்கா மனசு ஆறணும்னு சொல்ற. புரியுதுடா" என்று தோளைத் தட்டினான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

தாராளமாக இடம் விட்டு வேறு செட் கட்டிக் கொடுத்தேன். அது மாடத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. யாரும் குறை சொல்லவில்லை. ஈஸ்டர் வந்ததும் மாதாவின் துணியை எடுத்தார்கள். ரேடியோவின் துணியை எடுக்க மட்டும் அக்கா விடவில்லை. போகும்போதெல்லாம் உண்மையை மறுபடி சொல்வேன். சிரித்துவிட்டுக் காப்பி கலக்கப் போய்விடுவார்.

ஒருநாள் நான் படியேறும்போது உள்ளே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதோடு சேர்ந்து அக்கா ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தார். எனக்கு உயிர் வந்தது. சட்டென்று மிஷின் நின்றது, பாட்டும் நின்றது. வாசலிலிருந்து பார்த்தேன்; தழும்பேறிய விரல்களால் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார். அன்று காப்பிக்கு நிற்காமல் திரும்பி வந்துவிட்டேன்.