ரோஸ்விதா மாற்றி இழுத்த ஒயர்

ரோஸ்விதா ஸோட்லருக்கு அசிங்கம் என்றால் ஆகவே ஆகாது. லெண்ட் பேட்டைச் சலவைக் கடையில் காலமெல்லாம் ஊரார் கோட்டிலிருந்து எண்ணெயையும் வாந்தியையும் எடுத்துக்கொண்டிருக்கிறாளே, பழகிப்போயிருக்காதா என்று கேட்பீர்கள். பழகவில்லை. பக்கத்து மேஜைக்காரர் ரொட்டியில் பன்றிக்கொழுப்பைத் தடவிவிட்டு விரலை நக்கினால் இவள் எழுந்து வேறு மேஜைக்குப் போய்விடுவாள். "சீ" என்பது அவள் வாயில் சும்மாவே உட்கார்ந்திருக்கும் சொல்.

அப்படிப்பட்டவளைத் தம்பி கெர்னோட் ஒரு நிலவறை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனான். தனியாகப் போக அவனுக்குக் கூச்சம். கணினித் திரையில் பெட்டி பெட்டியாகப் போட்டு, பெட்டிக்குப் பெட்டி ஒயர் இழுத்து, அதிலிருந்து சத்தம் வரவழைக்கிற வித்தை. வரைகிற படமேதான் நிரல். அதற்கு அவர்கள் வைத்த பேர் பேட்ச். எங்கள் கிராட்ஸ் நகரத்தில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்குப் பஞ்சமே கிடையாது.

வந்த கூட்டத்தைப் பார்த்ததும் ரோஸ்விதாவுக்குச் 'சீ' என்று வந்தது. பாதிப் பேர் தலைக்குத் தண்ணீர் காட்டி வருஷமாகியிருக்கும் போல. 'ஙொய்ய்' என்று ஒரே சத்தம் கால் மணி நேரம் ஓடும். கண்ணை மூடித் தலையை ஆட்டுவார்கள். ஆனாலும் அவள் நின்றுவிடவில்லை. வெறும் இரைச்சலை ஒரு பெட்டியில் விட்டு, வடிகட்டி வடிகட்டி, கடைசியில் தகரக் கூரைமேல் மழை விழுகிற சத்தத்தைக் கொண்டுவந்துவிட்டாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தனியாக உட்கார்ந்து சிரித்தாளாம். அவள் பேட்ச்சில் ஒயரெல்லாம் இஸ்திரி போட்ட மாதிரி நேராக ஓடும். கெர்னோட்டின் பேட்ச்? குளியலறைச் சாக்கடையில் சிக்கின முடிதான்.

"எப்படிடா இதுக்குள்ள கைய வைக்கிற? கண்ணு கூசல?"

"சத்தம் வருதுல்ல. உன்ன யாரு பாக்கச் சொன்னா?"

வகுப்பு முடிவில் ஒரு கச்சேரி; ஆளுக்கொரு உருப்படி. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கெர்னோட் பூரித்துப்போய் அக்கா காதில் ஹெட்போனை மாட்டினான். அவளும் கேட்டாள். தூரத்தில் கடல் போல ஏதோ இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. நல்லாத்தான் இருக்கிறது என்று நினைத்தபோதே, இழுப்பு முடிகிற இடத்தில் ஒரு சின்ன விசில், பிறகு எச்சில் விழுங்குகிற ஒரு களக். ரோஸ்விதா ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள்.

"சீ! இது அப்பா மூச்சுடா!"

"உடனே கண்டுபிடிச்சிட்டியே!" அவனுக்குச் சந்தோஷம் வேறு. "போன வாரம் தூங்கிட்டிருந்தாரு. போனைத் தலகாணி ஓரமா வச்சேன். அவருக்குத் தெரியவே தெரியாது."

அவர்கள் அப்பா டிராம் ஓட்டினவர். பிள்ளைகள் முன்னால் இருமக்கூட மாட்டார். பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு இருமுவார். இப்போது நுரையீரல் போய் முதியோர் இல்லத்தில் கிடக்கிறார். சேர்த்த அன்றைக்கே மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இப்படி இழுக்கறது அடுத்தவங்க காதுல விழக்கூடாதும்மா" என்று கேட்டிருந்தார். விழாதுப்பா என்று இவள் வாக்குக் கொடுத்திருந்தாள். போகும்போதும் வரும்போதும் அறைக்கதவைச் சாத்துவது அவள் வேலை. பழைய சிநேகிதர்கள் வந்தால்கூடத் தூங்குகிறார் என்று வாசலோடு அனுப்பிவிடுவாள்.

"பீரை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறவங்க முன்னாடி அவரு மூச்சப் போட்டுக் காட்டப்போறியா? மனுஷனாடா நீ?"

"அக்கா, மூச்சுக்கு முகமா இருக்கு? யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்டா!"

"அப்ப நீ காதப் பொத்திக்க."

ரோஸ்விதா ஒரு முடிவோடுதான் கச்சேரிக்குப் போனாள். இவன் ஆரம்பிக்கட்டும், எழுந்து நின்று, இது பெற்ற அப்பாவிடம் திருடினது என்று சபையில் சொல்லி மானத்தை வாங்கிவிடுவது. டிராமில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், முகம் கொடுக்காமல். அவன் மடிக்கணினியைத் திறந்து வைத்து நோண்டிக்கொண்டே வந்தான். 'நிரப்பு' பெட்டி சத்தத்தைக் கொண்டுவருமுன் பழைய மிச்சத்தை அழிக்கப் புதிதாகத் 'துடை' என்று ஒரு பெட்டி போட்டு, தொடங்குகிற பொத்தானிலிருந்து அதற்கும் ஒரு ஒயர் இழுத்தான். பார்க்கக்கூடாது என்று இருந்தாலும் இவள் கண் அங்கேதான் போனது.

அவள் மழை முதலில் பெய்தது. கைதட்டினார்கள். அடுத்தது கெர்னோட். இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் பொத்தானை அழுத்தினான். ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினான். ஸ்பீக்கரில் ஒரு 'டப்', அவ்வளவுதான். வகுப்பு எடுக்கும் மிலிட்சா வந்து குனிந்து பார்த்தாள்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு கெர்னோட். படத்துல தப்பே தெரியலையே."

எப்படித் தெரியும்? ஒரே பொத்தானிலிருந்து இரண்டு ஒயர் போனால், எதை முதலில் இழுத்தோமோ அதுதான் முதலில் வேலை செய்யும். அந்த வரிசை திரையில் தெரியாது, இழுத்தவனுக்குத்தான் ஞாபகம் இருக்க வேண்டும். இவன் 'நிரப்பு' ஒயரை என்றைக்கோ இழுத்தவன், 'துடை' ஒயரை டிராமில் இழுத்தான். ஆகவே அந்தச் சனியன் அப்பாவின் மூச்சைக் கொண்டுவந்து நிரப்பி, நிரப்பின கையோடு துடைத்துப்போட்டுக்கொண்டிருந்தது.

ரோஸ்விதாவுக்கு இரண்டாவது 'டப்'பிலேயே புரிந்துவிட்டது. கடவுளே பார்த்துச் செய்தார் என்றுதான் முதலில் நினைத்தாள். எழ வேண்டாம், கத்த வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். கொடுத்த வாக்கு நின்றுவிடும். கெர்னோட் கழுத்தில் வியர்வை வழிந்தது. கூட்டத்தில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். மிலிட்சா சம்பந்தமில்லாத பெட்டியையெல்லாம் தட்டிப் பார்த்தாள். அந்த முடிக்கற்றைக்குள் அவள் கை தப்புத் தப்பாக அலைவதை ரோஸ்விதாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அங்க இல்ல, தள்ளு" என்றாள்.

எப்போது எழுந்தாள், எப்போது மேஜைக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. 'நிரப்பு' ஒயரை அழித்தாள். அதே இடத்தில் அதே ஒயரைத் திரும்ப இழுத்தாள்; இப்போது அது 'துடை'க்குப் பிந்தினது. படம் முன்பு இருந்த மாதிரியேதான் இருந்தது. பொத்தானையும் அவளே அழுத்தினாள்.

அப்பா மூச்சு இழுத்தார். நாலு மூலையிலிருந்தும் இழுத்தார். அந்த விசில், அந்தக் களக், எல்லாம் ஆளுயர ஸ்பீக்கரில். பீர்க் கோப்பைகள் மேஜையில் அப்படியே நின்றன. ஜனங்கள் கண்ணை மூடித் தலையை ஆட்டினார்கள்.

கெர்னோட் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "என் தெய்வமே" என்று காதுக்குள் சொன்னான்.

நிறுத்துடா என்று சொல்லத்தான் ரோஸ்விதா வாயைத் திறந்தாள்.

"அடியில உறுமற சத்தம் தூக்கலா இருக்கு" என்றாள். "கொஞ்சம் கொறை. அந்த விசில் இன்னும் நல்லாக் கேக்கும்."