காதுக்காரரின் கட்டைவிரல்

கடையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காதுக்காரர் என்றால்தான் தெரியும். விலை உயர்ந்த ஸ்பீக்கர்களும் ஆம்ப்ளிஃபையர்களும், அவற்றை இணைக்கும் பாம்புத் தடிமன் கேபிள்களும் விற்கிற கடை அது. வருகிறவரை உள்ளறைச் சோபாவில் உட்கார வைத்து, சாதாரண கேபிளில் ஒரு பாட்டு, பிறகு விலை கூடிய கேபிளில் அதே பாட்டு என்று போட்டுக் காட்டுவது அவர் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறார். கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனவர்கள் குறைவு.

"இவன் காதுக்கு முன்னாடி நாமெல்லாம் செவிடுங்க" என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார்.

மனைவியின் கணக்கு வேறு. "ஊரே காதுக்காரர்னு பேரு வச்சிருக்கு. நான் கூப்பிட்டா மட்டும் அந்தக் காது எங்க போகுதோ."

உண்மை அவருக்கு மட்டும்தான் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், அலமாரிக்குப் பின்னால் குனிந்து கேபிளை மாற்றும்போது, பின்பையில் இருந்த ரிமோட் அழுந்திவிட்டது. முப்பத்தொன்றில் இருந்த சத்தம் முப்பத்துமூன்றுக்கு ஏறியது. இரண்டே எண். சத்தம் கூடியதாக யாருக்கும் தோன்றவில்லை. பாட்டு பக்கத்தில் வந்துவிட்டதாகத் தோன்றியது. சோபாவில் இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "திரையை விலக்கின மாதிரி இருக்கே" என்றார். பக்கத்தில் இருந்த முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. தான் விற்கிற பொருளை அன்றுதான் அவர் முழுசாக நம்பினார்.

ஆம்ப்ளிஃபையர் டிஸ்ப்ளேயில் எண்ணைப் பார்த்த காதுக்காரர் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அடுத்த முறை ரிமோட் தானாக அழுந்தவில்லை, கட்டைவிரல் அழுத்தியது. அதற்கடுத்த மாதம், டிஸ்ப்ளே வெளிச்சம் ஒலியைக் கெடுக்கிறது என்று முதலாளியிடம் சொல்லி, எண் தெரியாதபடி அணைத்து வைத்தார். முதலாளி அதையும் நம்பி, வருகிறவர்களுக்கு இவரைவிட நன்றாக விளக்கினார். தன் பொய் இன்னொருவர் வாயில் அத்தனை வெள்ளந்தியாக வருவதைக் கேட்கும்போதெல்லாம் காதுக்காரர் எதையாவது துடைக்கப் போய்விடுவார்.

எட்டு மாதத்துக்கு முன் ஓர் அம்மாள் வந்தார். தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஒரு ஹலோ போதும் தம்பி, ஆளைச் சொல்லிடுவேன். ஜலதோஷம் இருந்தா அதையும் சொல்லிடுவேன்" என்றார். கண்ணை மூடிக் கேட்டார். விரல் தன் வேலையைச் செய்தது. "இதான்" என்றார் அம்மாள். ஒரு மோட்டார் சைக்கிள் விலையுள்ள கேபிளை ஓய்வுப் பணத்தில் வாங்கிப் போனார்.

அவருடைய மாப்பிள்ளை டிவி, ரேடியோ பழுது பார்க்கிறவர். விஷயம் தெரிந்ததும், செம்புக் கம்பிக்குப் பட்டுச் சட்டை போட்டு விற்கிற மோசடி என்று கடையின் பெயரைப் போட்டு இணையத்தில் எழுதிவிட்டார். என் மாமியாரே ஏமாந்தவர் என்று கடைசியில் ஒரு வரி. ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். அம்மாளுக்கு அந்த வரிதான் சுட்டது. "கேக்காததைக் கேட்டேன்னு சொல்ற கிறுக்கச்சியா நான்? நேர்ல வச்சுப் பாத்துடுவோம்" என்று மாப்பிள்ளையையே கடைக்கு இழுத்து வந்தார். முதலாளிக்கு ஒரே உற்சாகம். ஞாயிறு காலை என்று நாள் குறித்தார்.

காதுக்காரர் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தார். சொன்னாலும் சோதனை நடக்கும். அந்த அம்மாள் தோற்பார். அதைப் பார்க்காமல் இருக்கலாம், அவ்வளவுதான். போனார்.

மாப்பிள்ளை ஒரு போர்வையும், சத்தத்தை அளக்கும் சின்ன மீட்டரும் கொண்டு வந்திருந்தார். கேபிள்கள் தெரியாதபடி போர்வையைக் கட்டினார். ஒவ்வொரு முறையும் மீட்டர் ஒரே அளவு காட்டிய பிறகே கேட்கச் சொன்னார். கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. பத்து முறை போட்டார்கள். அம்மாள் முதலில் சட்டென்று பதில் சொன்னார். ஆறாவது முறை தயங்கினார். ஒன்பதாவதில் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாலு சரி" என்றார் மாப்பிள்ளை. "காசைச் சுண்டிப் போட்டாலே அஞ்சு வரும், அத்தை."

"பதட்டம்தான் காரணம். மேடத்துக்கு ஒரு காபி சொல்லுங்க" என்றார் முதலாளி.

அம்மாள் காபி வேண்டாம் என்று கையசைத்தார். காதுக்காரரைப் பார்த்தார். "அன்னைக்கு நீங்கதானே தம்பி போட்டுக் காட்டினீங்க. நான் கேட்டேனா, இல்லையா? நீங்க சொல்லுங்க."

"கேட்டீங்கம்மா."

"போதும் போதும், கடைக்காரர் வேற என்ன சொல்வாரு" என்று மாப்பிள்ளை சிரித்தார்.

அந்தச் சிரிப்போடு முடிந்திருக்கும். ஆனால் அம்மாள் தன் இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதைக் காதுக்காரர் பார்த்துவிட்டார், பல் போன இடத்தை நாக்கு தேடுமே, அப்படி. எழுந்து போர்வையை அவிழ்த்தார். சாதாரண கேபிளை மாட்டிப் பாட்டைப் போட்டார். "கண்ணை மூடிக்குங்கம்மா" என்றார். பாதியில் இரண்டு முறை ரிமோட்டை அழுத்தினார்.

"இதான்" என்றார் அம்மாள் உடனே. "இதேதான். பாத்தீங்களா மாப்பிள்ளை?"

காதுக்காரர் டிஸ்ப்ளேயைப் போட்டார். முப்பத்துமூன்று என்று பச்சையாக எரிந்தது. "கேபிளை மாத்தலைம்மா. சத்தத்தை ரெண்டு எண் கூட்டினேன். அன்னைக்கும் இதைத்தான் செஞ்சேன். எல்லாருக்கும் செய்வேன். முதலாளிக்குத் தெரியாது."

மாப்பிள்ளை இப்போது சிரிக்கவில்லை. மீட்டரைப் பைக்குள் வைத்தார்.

"அப்ப என் காது சரிதான்" என்றார் அம்மாள் மெல்ல. கொஞ்சம் கழித்து, "எட்டு மாசமா வீட்டுல நல்லாக் கேக்குதுன்னு உக்காந்து கேட்டேனே தம்பி. அங்க யாரு கூட்டினா?"

காதுக்காரர் ரிமோட்டைச் சட்டையில் துடைத்தார்.

"எக்ஸ்சேஞ்சுல நாங்க, யாரோ ரெண்டு பேரு பேசுறதுக்கு நடுவுல நாள் முழுக்க உக்காந்திருப்போம். குரலைத் தொட்டதில்ல." செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். கேபிளை நாளைக்குக் கொண்டு வந்து தருவதாக மாப்பிள்ளை சொன்னார். பணத்தைத் திருப்பித் தருவதாக முதலாளி தலையை மட்டும் ஆட்டினார்.

அவர்கள் போன பிறகு முதலாளி திட்டுவார் என்று காதுக்காரர் காத்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதலாளி போய்ச் சோபாவில் உட்கார்ந்தார். கையை நீட்டி ரிமோட்டை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"சாதாரணத்துல ஆரம்பி. அப்புறம் நல்லதை மாட்டு. நான் கண்ணை மூடிக்கிறேன்."

காதுக்காரர் அலமாரிக்குப் பின்னால் போனார். பாட்டு ஓடியது. கேபிள் மாறும்போது ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது. முதலாளி முகத்தைச் சுளித்து, தலையைச் சாய்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டார். பாட்டு முடிந்தது.

"ம், இப்ப மாட்டு" என்றார்.

"மாட்டிட்டேங்க."

முதலாளி கண்ணைத் திறந்தார். "எப்ப?"